சியாட்டில் பக்கம் ஆர்.வி. முகாமும் கயாக்கும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு, தருமபுரி என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது சியாட்டில் வட்டாரத்தில் வேலை பார்க்கிறார்கள். கோடையில் அப்பா அம்மாவை வரவழைத்ததும் அவர்கள் போடும் முதல் திட்டம், ‘ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்துக் கடலோரம் நாலு நாள் தங்கலாம், கயாக் ஓட்டலாம்’ என்பதுதான். ஆர்.வி. என்பது வீட்டு வசதியுள்ள வண்டி, கயாக் என்பது நீளமான, குறுகிய துடுப்புப் படகு. விசா கையில் வந்ததும் ஊரில் கேள்விகள் தொடங்கிவிடும். என் மகள் குடும்பம் அங்கே இருப்பதால் அவற்றில் பாதி என்னிடம் வந்து சேர்கிறது. நான் பென்னாகரத்துக்காரன், தண்ணீர் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன். அதனால் இந்தப் பதில்களில் வண்டியைவிடத் தண்ணீருக்கு இடம் அதிகம்.

வாஷிங்டன் என்கிறார்களே, வெள்ளை மாளிகை இருக்கும் ஊரா?

இல்லை. அது கிழக்குக் கோடி. இது வாஷிங்டன் என்ற மாநிலம், நாட்டின் வடமேற்கு மூலை, கனடாவை ஒட்டியது. தருமபுரி 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. நாம் பேசும் கடற்கரை 48 டிகிரியில்.

அங்கே கடல் இரண்டு விதம். ஒன்று, மேற்கே பசிபிக்கைப் பார்த்த திறந்த கரை. பெரிய அலை, மூடுபனி, கரையெங்கும் ஒதுங்கிய ராட்சத மரங்கள். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கலாலோக் முகாம் அந்தப் பக்கம்தான், கடலுக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. மற்றொன்று, நிலத்துக்குள் புகுந்து வந்த உள்கடல்: பியூஜெட் சவுண்ட், அதற்கு வடக்கே சான் வான் தீவுகள். இங்கே அலை குறைவு, தீவுகளின் மறைப்பு உண்டு. புதிதாகக் கயாக் ஏறுகிறவர்களுக்கு உள்கடல் மட்டும்தான். திறந்த கரையில் உட்கார்ந்து பார்க்கலாம், நடக்கலாம். அங்கே துடுப்பு போடுவது தேர்ந்தவர்கள் வேலை.

எந்த மாதம் போகலாம்?

ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை. மழை அப்போதுதான் குறையும். ஜூன் கடைசியில் இரவு 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், விளக்கு வைக்கும் நேரம் எது என்று அம்மாக்கள் குழம்புவார்கள். பகலில் நம்ம ஊர் மார்கழி வெயில் போல இதமாக இருக்கும். இரவில் கடலோரம் நன்றாகவே குளிரும், ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். ஆகஸ்டு காலைகளில் மூடுபனி இறங்கும், அது விலகும்வரை கயாக் கரையில் இருக்கட்டும்.

ஆர்.வி. என்பது சினிமாக்காரர்களின் கேரவன் தானே?

கிட்டத்தட்ட அதுதான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கும். வண்டியே வீடாக இருப்பது ஒரு வகை, காருக்குப் பின்னால் கட்டி இழுப்பது இன்னொரு வகை. வண்டியே வீடான வகையில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. ஏ பேருந்து அளவு, பி வேன் அளவு. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது சி. பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று போகும் குடும்பத்துக்கு சி சரியாக வரும்.

வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஓடும் மைலுக்குத் தனிக் காசு, காப்பீடு தனி, ஜெனரேட்டர் ஓட்டினால் மணிக்கணக்கில் தனி, முகாமில் இடத்துக்குத் தனி. சி வகை வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே சந்தோஷப்பட வேண்டும். கணக்குப் போட்டால் ஹோட்டலைவிட மலிவு என்று சொல்ல முடியாது. மலிவுக்காகப் போகிற பயணம் இல்லை இது.

போய் இறங்கி, பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாமா?

முடியாது. வாஷிங்டன் மாநிலப் பூங்காக்களில் 9 மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடும், தேசியப் பூங்காவின் கலாலோக்கில் 6 மாதம் முன்பு. கோடைச் சனி, ஞாயிறு என்றால் திறந்ததுமே தீர்ந்துவிடும். ஆக உங்கள் விசா நேர்காணல் முடிவதற்கு முன்பே பிள்ளை இடம் போட்டிருப்பான். கவலைப்பட வேண்டாம், ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

இடம் பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியின் நீளத்துக்கு அந்த இடம் போதுமா என்பது ஒன்று. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் இணைப்பு உண்டா, இரண்டு மட்டுமா, ஒன்றுமே இல்லையா என்பது இன்னொன்று. கலாலோக்கில் எந்த இணைப்பும் கிடையாது, காட்சி மட்டும்தான். டிசெப்ஷன் பாஸ் மாநிலப் பூங்காவில் இணைப்பு உள்ள இடங்கள் உண்டு. முதல் பயணத்துக்கு நான் டிசெப்ஷன் பாஸைத்தான் சொல்வேன். சியாட்டிலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஒரே பூங்காவில் ஏரியும் உண்டு, கடலும் உண்டு.

கழிவறை விஷயத்தைக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எல்லோரும் கேட்க நினைத்து, கூச்சத்தில் கடைசியில் கேட்கும் கேள்வி. வண்டிக்கு அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். கழிவறைக்கு ஒன்று, குளியலும் பாத்திரமும் கழுவிய தண்ணீருக்கு ஒன்று. நிரம்பினால் அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய்க் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, அடுத்து குளியல் தொட்டி. இந்த வரிசையில் செய்தால் இரண்டாவது தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். கையுறை போட்டுக்கொண்டு மருமகன் பார்த்துக்கொள்வார், நீங்கள் தள்ளி நின்று யோசனை சொல்லலாம்.

நம் ஆட்கள் சொம்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் ஒன்றும் கெட்டுவிடாது. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் சேர்ந்தால் நல்லதுதான். சீக்கிரம் நிரம்பும், அவ்வளவே. குளியல்தான் பிரச்சினை. வெந்நீர்க் கலன் பெரும்பாலும் 6 கேலன், அதாவது 23 லிட்டர் அளவு. ஒருவர் நின்று நிதானமாகக் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர். முகாமில் பொதுக் குளியலறை இருக்கும், அதற்குப் போய்விடுவது உத்தமம்.

சமையல்? களி கிண்ட முடியுமா?

தாராளமாக. கேஸ் அடுப்பு இருக்கும், ராகி மாவு சியாட்டில் பக்கத்து இந்தியக் கடைகளில் கிடைக்கும். களிக்கோலுக்கு மட்டும் வேறு வழி பாருங்கள். வண்டிக்குள் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் புகை அலாரம் ஊரைக் கூட்டும். அதையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் எரிச்சலில் கழற்றி வைக்கவே கூடாது. மூடிய வண்டிக்குள் கேஸ் எரிகிற இடம் அது.

மிக்சியை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தமே 3,600 வாட்தான் கிடைக்கும். ஏ.சி.யும் மைக்ரோவேவும் இண்டக்ஷன் அடுப்பும் ஒரே நேரத்தில் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். இரவு 10 மணிக்கு மேல் முகாமில் சத்தம் கூடாது என்பது விதி, குக்கர் விசிலை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிணற்று நீச்சல் நன்றாகத் தெரியும். சின்ன வயதில் ஒகேனக்கல்லில் ஆற்றையே கடந்திருக்கிறேன். கயாக்குக்கு அது போதாதா?

நீச்சல் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அந்தக் கடலில் ஆளைக் கொல்வது நீச்சல் தெரியாமை இல்லை, குளிர்.

பியூஜெட் சவுண்ட் தண்ணீர் நடுக்கோடையிலும் 13 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். குளிர்காலத்தில் 8 வரை இறங்கும். வெளியே வெயில் 25 டிகிரி அடித்தாலும் தண்ணீர் அதே 13தான். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய நம் உடம்பு இப்படிப்பட்ட தண்ணீரைப் பார்த்ததே இல்லை. காவிரி மார்கழியில்கூட இதற்குப் பக்கத்தில் வராது.

அதில் விழுந்தால் என்ன ஆகும் என்று குளிர்நீர்ப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் 1-10-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் 1 நிமிடம்: உடம்பு அதிர்ந்து மூச்சு தானாக வாங்கும், அடக்க முடியாது. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உள்ளே இழுப்போம். பெரிய நீச்சல்காரர்கள் போய்ச் சேர்வது பெரும்பாலும் இங்கேதான். அடுத்த 10 நிமிடம்: கை கால் சொன்னபடி கேட்கும் நேரம் அவ்வளவுதான், அதற்குள் கயாக்கில் ஏறிவிட வேண்டும், அல்லது அதைப் பிடித்துக்கொண்டு உதவிக்குச் சைகை செய்ய வேண்டும். பிறகு விரல் மடங்காது. அதற்கு அப்புறம் சுமார் 1 மணி நேரத்தில் உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்பும்.

இந்தக் கணக்கில் லைஃப் ஜாக்கெட்டின் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். நீந்தத் தெரியாதவரைக் காப்பாற்றுவது மட்டும் இல்லை, முதல் நிமிடத்தில் யாராக இருந்தாலும் முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைப்பது அதுதான். ஒகேனக்கல் பரிசலில் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு ஃபோட்டோவுக்காகக் கழற்றுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சட்டப்படி ஜாக்கெட் கட்டாயமா?

ஆளுக்கு ஒன்று படகில் இருந்தே ஆக வேண்டும். 19 அடிக்குக் குறைவான படகில் 12 வயது வரை உள்ள பிள்ளைகள் அதை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு மாட்டும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. மாட்டாத பெரியவரோடு ஒரே கயாக்கில் நான் ஏற மாட்டேன்.

என்ன உடுத்திக்கொண்டு ஏறுவது? வேட்டி, புடவை முடியாதுதானே?

முடியாது. காற்றின் சூட்டுக்கு இல்லை, தண்ணீரின் குளிருக்கு உடுத்த வேண்டும் என்பதுதான் அங்கே முதல் பாடம். உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை ஒன்று உண்டு, வெட்சூட் என்பார்கள். தண்ணீரே உள்ளே புகாத ட்ரைசூட் இன்னொன்று, விலை அதிகம். வாடகைக்குக் கயாக் கொடுப்பவர்களிடம் வெட்சூட்டாவது கேளுங்கள். பருத்தி உடை வேண்டவே வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாலியஸ்டர் அல்லது கம்பளி பனியன் உள்ளே, மேலே காற்று புகாத ஜாக்கெட். மாற்று உடை ஒன்று தண்ணீர் புகாத பையில் கயாக்கிலேயே இருக்கட்டும், வண்டியில் இருந்து பயனில்லை.

பரிசலுக்கும் கயாக்குக்கும் என்ன வித்தியாசம்?

பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. மூங்கில் பின்னல், வட்டம், ஒற்றைத் துடுப்பு. ஆழமில்லாத இடத்திலும் பாறை நடுவிலும் நகரும், சுழலில் சேர்ந்து சுழன்றுகொடுக்கும், ஓட்டுகிறவரின் அனுபவம்தான் அதற்குத் திசை. கயாக் நீளம், குறுகல், இரண்டு முனையிலும் தட்டு வைத்த துடுப்பு. நேராக ஓடும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். பரிசலில் நாம் சும்மா உட்காரலாம். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரே ஓட்டுநர்.

பெற்றோருக்கு இரட்டை இருக்கைக் கயாக் நல்லது. அகலம் கூடுதல், கவிழ்வது குறைவு. அனுபவம் உள்ளவர் பின் இருக்கை, அங்கேதான் சுக்கான் மிதி இருக்கும். மேலே உட்காரும் திறந்த வகை ஏரிக்கு ஏற்றது. கடலுக்குக் கால் உள்ளே நீட்டி உட்காரும் கடல் கயாக். அதற்கு இடுப்பைச் சுற்றி ஒரு மூடி போடுவார்கள். கவிழ்ந்தால் அந்த மூடியின் முன்பக்கத்து வாரைப் பிடித்து இழுத்துவிட்டு வெளியே வர வேண்டும். இதைக் கரையோரம் ஒருமுறை செய்து பார்க்காமல் மூடி போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. முதல் நாள் வழிகாட்டியோடு போகும் குழுவில் சேர்ந்துவிடுங்கள். அரை நாள் பயணங்கள் சான் வான் தீவிலும் டிசெப்ஷன் பாஸ் பக்கத்திலும் கிடைக்கும்.

தண்ணீர் ஏறும், இறங்கும் என்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆற்றங்கரைக்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் காவிரிக்கு ஒரே திசை. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்டால் பிலிகுண்டுலுவில் வரத்து ஏறும், மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும், வரத்து குறைந்தால் தடை நீங்கும். தண்ணீர் மேலேயிருந்து வருகிறது, கீழே போகிறது. எத்தனை நாளுக்கு என்பது மழையின் கையில்.

அங்கே கடலுக்கு இரண்டு திசை. கடல்மட்டம் இப்படி ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்பது. ஓதம் ஏறும்போது உள்ளே ஓடும், இறங்கும்போது வெளியே ஓடும், நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இரண்டு ஏற்றமும் ஒரே உயரம் இருக்காது, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சியாட்டிலில் ஒரு நாளின் பெரிய ஏற்றத்துக்கும் பெரிய இறக்கத்துக்கும் நடுவே சராசரியாக 11 அடிக்கு மேல் வித்தியாசம். மெரினாவில் நின்று பார்த்த நமக்கு இது நம்ப முடியாத உயரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருவதால் ஏற்றமும் அதே அளவு தள்ளிப்போகும். இன்று காலை 10 மணிக்குத் தண்ணீர் நிறைந்திருந்தது, நாளையும் 10 மணிக்குப் போகலாம் என்று திட்டம் போட முடியாது.

ஆனால் மழையைப் போல இல்லை இது, கணக்குக்கு அடங்கியது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டலத் துறை ஒவ்வோர் இடத்துக்கும் அட்டவணையை இலவசமாகவே வெளியிடுகிறது. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு அதைப் படிப்பது சிரமமே இல்லை. அட்டவணை இரண்டு உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதற்கு ஒன்று, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்கு ஒன்று. குறுகிய நீர்வழிகளில் உயரம் உச்சத்தைத் தொடும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்காது. கயாக்குக்கு இரண்டாவது அட்டவணைதான் முக்கியம்.

டிசெப்ஷன் பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தீவுகளுக்கு நடுவே பாறை இடுக்கு, மேலே 1935-ல் திறந்த பாலம், தண்ணீரிலிருந்து சுமார் 180 அடி உயரம். ஓதம் வேகம் பிடிக்கும்போது அந்த இடுக்கில் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவுக்குத் தண்ணீர் பாயும். சாதாரணமாகத் துடுப்பு போடுகிறவரின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். பாலத்தில் நின்று பார்த்தால் கீழே சுழலும் நுரையும் ஒகேனக்கல்லை ஞாபகப்படுத்தும். அதே இடம் ஓட்டம் நின்று திரும்பும் சில நிமிடங்களில் குளம் போலக் கிடக்கும். அப்போது ஏமாந்து உள்ளே நுழைகிறவர்களைத்தான் அது பிடிக்கும். புதியவர்கள் பாலத்தடிக்குப் போகவே வேண்டாம், பக்கத்தில் பௌமன் விரிகுடா இருக்கிறது, மறைவான தண்ணீர், பழக நல்ல இடம்.

வேகத்துக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. ஆறு மணி நேரத்தில் ஏறும் தண்ணீரை 12 பங்காக வைத்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றிலும் நான்கிலும் 3, 3, பிறகு 2, கடைசியில் 1. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் நகர்கிறது. இது தோராயம்தான், இடத்துக்கு இடம் மாறும், அட்டவணைதான் முடிவு. ஆனால் எந்த நேரத்தில் கரையில் டீ குடிக்க வேண்டும் என்பது இதிலிருந்தே புரிந்துவிடும்.

கயாக்கைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாமா?

கடற்பாசியும் சருகும் கோடு போட்டது போல ஒதுங்கிய இடம் தெரியும், போன ஏற்றம் அதுவரை வந்திருக்கிறது. அதற்கும் மேலே தூக்கி வைத்து, கயிற்றை எதிலாவது கட்டிவிட்டுப் போங்கள். ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரங்களில் கட்டவும் கூடாது, ஏறி உட்காரவும் கூடாது. பல டன் எடையுள்ள மரத்தை ஓர் அலை புரட்டிவிடும். பேரப்பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டிய இடம் தண்ணீரைவிட அந்த மரங்கள்தான்.

காற்று?

காலையில் அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் எழும். பசிபிக்கையும் உள்கடலையும் சேர்க்கும் ஹுவான் டி ஃபூகா நீரிணையில் கோடை மாலைகளில் மேற்குக் காற்று பலமாகவே வீசும். காற்று ஒரு பக்கமும் ஓட்டம் எதிர்ப்பக்கமும் இருந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும், கயாக்குக்கு அது பெரிய தொல்லை. மதியச் சாப்பாட்டுக்குள் கரைக்கு வந்துவிடுவது நல்ல பழக்கம். சிறு படகுகளுக்கு எச்சரிக்கை என்று வானிலை அறிக்கையில் வந்தால் அன்றைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இரத்த அழுத்தம், சர்க்கரை இருக்கிறது. ஏறலாமா?

மருத்துவரிடம் கேட்கும்போது ‘படகில் போகலாமா’ என்று கேட்காதீர்கள், போகலாம் என்றுதான் சொல்வார். ‘13 டிகிரி தண்ணீரில் திடீரென்று விழுந்தால் என் இதயம் தாங்குமா’ என்று கேளுங்கள். குளிர் அதிர்ச்சியில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று எகிறும். இதய நோய் உள்ளவர்கள் கரையில் இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அதே பூங்காவில் கிரான்பெரி ஏரி இருக்கிறது, ஓதம் இல்லாத, கடலைவிட இதமான தண்ணீர். சர்க்கரை உள்ளவர்கள் மிட்டாய் கையிலேயே வைத்திருங்கள்.

திமிங்கலம் பார்க்கலாமாமே, பக்கத்தில் போகலாமா?

ஓர்கா என்னும் கறுப்பு வெள்ளைத் திமிங்கலங்கள் அங்கே பிரபலம். அவற்றில் பெரும்பாலும் சால்மன் தின்று அந்த உள்கடலில் புழங்கும் ஒரு கூட்டம் எண்பதுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து அவற்றுக்கு 1,000 கஜம், அதாவது 900 மீட்டருக்கு மேல், விலகியிருக்க வேண்டும் என்பது வாஷிங்டன் சட்டம். கயாக்குக்கும் இது பொருந்தும். அந்தக் கூட்டமா, வேறு கூட்டமா என்று நமக்குத் தெரியப்போவதில்லை, எதைப் பார்த்தாலும் அதே தூரம் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நல்ல இடம் சான் வான் தீவின் மேற்குக் கரை, பாறை மேல் உட்கார்ந்தபடியே தெரியும். கடல்நாய்களுக்கு 100 கஜம் விலகுங்கள். கரையில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்துப் பாவப்பட்டுத் தூக்கிவிடக் கூடாது, தாய் இரைக்குப் போயிருக்கும்.

நண்டு பிடித்துக் குழம்பு வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார்.

நல்ல மாப்பிள்ளை. டஞ்சனஸ் நண்டு என்று பெரிதாக, சதைப்பற்றாக இருக்கும். ஆனால் 15 வயது நிறைந்த எவருக்கும் உரிமம் வேண்டும், பிடித்ததை அட்டையில் எழுத வேண்டும். பியூஜெட் சவுண்டில் ஆண் நண்டு மட்டும், ஓட்டின் அகலம் 6¼ அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெண் நண்டையும் சின்னதையும் திருப்பி விட்டுவிட வேண்டும். பருவமும் கிழமையும் பகுதிக்குப் பகுதி மாறும்.

மட்டி, சிப்பி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை. கடல் பாசியின் நஞ்சு அவற்றில் சேரும் காலம் உண்டு. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மாநிலச் சுகாதாரத் துறை எந்தக் கரை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று வரைபடமே போடுகிறது. அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சான் வான் தீவுக்கு வண்டியோடு போக முடியுமா?

முடியும். அனகோர்ட்டஸிலிருந்து மாநில அரசின் ஃபெர்ரி போகிறது, வண்டி அப்படியே உள்ளே ஏறும். கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்து, முன்பதிவு செய்துவிடுவது நல்லது. கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு ஏற வேண்டும்.

தீவின் மேற்குக் கரையில் நின்றால் எதிரே தெரிவது கனடா. கைப்பேசி அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ரோமிங் காசு ஏறும், அணைத்து வைக்கவும். அமெரிக்க விசாவோடு கயாக்கில் அந்தக் கரையைத் தொட்டுவிட்டு வரலாமே என்று விளையாட்டாகக்கூட நினைக்க வேண்டாம், அது வேறு நாடு, வேறு விசா.

நானே ஆர்.வி. ஓட்டலாமா? இங்கே லாரி ஓட்டிய கை.

உரிமத்தோடு கிருஷ்ணகிரி, தருமபுரி அல்லது ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளலாம், ஓராண்டு செல்லும். வாடகை நிறுவனமும் காப்பீடும் ஒப்புக்கொள்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். வலதுபக்கம் ஓட்டும் ஊர், வண்டியின் உயரம் 10 முதல் 12 அடி, திரும்பும்போது பின்பகுதி வெளியே வீசும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போகாமல் கியரைக் குறைக்க வேண்டும் என்பதைத் தொப்பூர் கணவாய் தெரிந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது?

கரையில் 911. தண்ணீரில் கடற்படகு வானொலியின் 16-வது அலைவரிசை, கடலோரக் காவல்படை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும். விசில் ஒன்று ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்கட்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பசிபிக் கரையில் சுனாமி வெளியேறும் வழிப் பலகைகள் இருக்கும், வண்டி நிறுத்தியதும் அது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1700 ஜனவரியில் அங்கே பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்திருக்கின்றன. தரை பலமாக ஆடினால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு நடக்க வேண்டும்.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்? மாம்பழம்?

பழமாகக் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்திலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள். கறிவேப்பிலையும் அப்படித்தான். கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளில் டின்னில் அடைத்த பெங்களூரா மாங்கூழ் கொண்டுபோகலாம், ஊறுகாய், பொடி வகைகளும் சரி. உணவுப்பொருள் இருக்கிறதா என்று படிவத்திலோ வாயாலோ கேட்டால் ‘ஆம்’ என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், மறைத்துப் பிடிபட்டால் அபராதம்.

இவ்வளவு தூரம் எதற்கு, நம் பக்கத்திலேயே தண்ணீரோரம் முகாம் போட முடியாதா?

ஒகேனக்கல்லைச் சுற்றிய ஆற்றங்கரையில் பெரும்பகுதி காப்புக்காடு. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இரவு தங்குவது குற்றம். யானை தண்ணீருக்கு இறங்கும் வழி அது, ஆற்றில் முதலையும் உண்டு. துடுப்பு பிடித்துப் பழக வேண்டும் என்றால் கிருஷ்ணகிரியில் அவதானப்பட்டி ஏரிப் படகு இல்லத்துக்குப் போங்கள். துடுப்புப் படகு எடுத்து, இடுப்பை அசைக்காமல் தோளையும் முதுகையும் திருப்பித் தள்ளிப் பாருங்கள். கை மட்டும் வலித்தால் முறை தப்பு, முதுகும் சேர்ந்து களைத்தால் சரி. விசா வருவதற்குள் அது கைக்கு வந்துவிடும்.